சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் வேண்டும்

வணக்கம். புதுச்சேரி துய்மா வீதியில் பழைய வீடு ஒன்றின் மாடியில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஓரத்தில் சமையல் மேடை, ஒரு குளியலறை, அவ்வளவுதான். மர உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, சன்னலைத் திறந்தால் காகிதப்பூ. பார்த்தவுடனே மனசு ஒட்டிக்கொண்டது.

பிரச்சினை சுவர்தான். பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் யாரோ சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது. விரல் வைத்தால் உப்புப் பொடி கொட்டுகிறது. மறுபடியும் சிமெண்டே பூசச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. நல்லவேளை, வீட்டுக்காரர் சுண்ணாம்புக்குச் சம்மதித்துவிட்டார்.

கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார் யாரையாவது தெரியுமா? சுவர் 12 அடிக்கு 10 அடி. கூலி எவ்வளவு கேட்பார்கள்? ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.