"குறியாக்கம்" என்பதற்குப் பதிலாக "மறையாக்கம்"

அனைவருக்கும் வணக்கம்.

கோப்புகளையும் வட்டுகளையும் கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதவாறு ஆக்கும் வெராகிரிப்ட் (VeraCrypt) மென்பொருளுக்கான நம் கையேட்டு வரைவில், அந்தச் செயலைக் குறிக்கும் "குறியாக்கம்" என்ற சொல்லை மாற்றியே ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு, சென்ற ஞாயிறு வெள்ளவத்தையில் நடந்த பயிற்சியே காரணம். இளைப்பாறிய ஆசிரியை ஒருவர், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய வினாத்தாள்கள் நிறைந்த தமது யூஎஸ்பியைச் செருகி, நம் வரைவில் இருந்த "குறியாக்கி வடிவமைக்க" என்ற வரியை எழுத்துகளை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் வழி என்று எண்ணி, கடவுச்சொல் கேட்கும் இடம்வரை வந்துவிட்டார். இன்னும் இரண்டு சொடுக்குகளில் வினாத்தாள்கள் யாவும் அழிந்திருக்கும். அவரில் பிழையில்லை; "பாமினிக் குறியாக்கம்" என்று எழுதிப் பழக்கியவர்கள் நாம்தான்.

எழுத்துக்கு எண் கொடுப்பது (encoding), அட்டவணை தெரிந்த எவரும் திருப்பிப் படிக்கக்கூடிய வெளிப்படையான வேலை. கடவுச்சொல் இல்லாத எவரும் படிக்க முடியாதவாறு ஆக்குவதோ (encryption) அதற்கு நேர்மாறானது. ஆகவே முன்னதற்குக் "குறியாக்கம்" இருக்கட்டும். பின்னதற்கு "மறையாக்கம்", அதைத் திருப்புவதற்கு "மறைநீக்கம்" என்று வைத்துக்கொள்வோம். "மறை" வேதத்தைக் குறிக்குமே என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் "மறைபொருள்" என்று படிக்கும் எவரும் தடுமாறுவதில்லை.

மறையாக்கத்துக்குப் பதிலாகப் "பூட்டுதல்" என்பது எளிய சொல் என்றாலும் அதை ஏற்க எனக்கு மனமில்லை. திரை பூட்டப்பட்ட மடிக்கணினியின் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால், மறையாக்கம் செய்யப்படாத கோப்புகள் அப்படியே திறக்கும். அந்த வேறுபாட்டை விளக்கத்தான் இந்தக் கையேட்டையே எழுதுகிறோம்.

பல கோப்புகளை உள்ளே வைத்து, வெளியே ஒரே கோப்பாகத் தோன்றும் கண்டெய்னருக்குப் "பெட்டகம்" என்பதே என் தெரிவு. யாழ்ப்பாணத்து வீடுகளில் உறுதிகளும் நகைகளும் வைத்த மரப்பெட்டகத்தை அறிந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.

கையேட்டின் தலைப்பில் வெராகிரிப்டுக்குக் கொடுத்துள்ள "கட்டற்ற" (எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள) என்ற அடைமொழியையும் திருத்த வேண்டும். 2014 மே மாதம் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட் (TrueCrypt) என்ற மறையாக்க மென்பொருளின் மூலநிரலிலிருந்து பிறந்தது வெராகிரிப்ட். பழைய உரிமத்தின் நிபந்தனைகள் அதன் ஒரு பகுதிக்கு இன்றும் பொருந்துகின்றன. எனவே அதனை "மூலநிரல் வெளியிடப்பட்ட இலவச மென்பொருள்" என்றும், லினக்ஸ் இயங்குதளத்தின் வட்டு மறையாக்க வசதியான லக்ஸை (LUKS) மட்டும் "கட்டற்ற" என்றும் பிரித்தெழுதுவதே நேர்மை.

மறுப்புள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன்பின் வரைவைத் திருத்தி அனுப்புகிறேன்.