வலது கை விழுந்துவிட்டது, இடது கையால் சாப்பிடமாட்டேன் என்கிறார் அப்பா

திண்டுக்கல்காரி:
அப்பாவுக்கு 68 வயது. நாலு மாதம் முன்னால் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போகிறார், கைதான் அப்படியே தொங்குகிறது. அம்மா பல் தேய்த்துவிடுவதில் ஆரம்பித்து ஊட்டிவிடுவது வரை எல்லாம் செய்கிறார். அம்மாவுக்கே மூட்டு வலி. நீங்களே சாப்பிடுங்கள் அப்பா என்று ஸ்பூனைக் கொடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டு, "கழுவுற கையால சாப்பிடச் சொல்றியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. போன வாரம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. கால் வலி என்றார், பந்தியில் உட்கார வேண்டுமே என்ற கூச்சம்தான் என்று எனக்குத் தெரியும். வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

ஒற்றைக்கை:
எனக்கும் வலது பக்கம்தான் அம்மா, 2019இல். உங்கள் அப்பா கேட்டதை நானும் என் மனைவியிடம் கேட்டிருக்கிறேன். அது பிடிவாதம் இல்லை, அறுபது வருடப் பழக்கம், அதனால் முதலில் கக்கூஸைக் கவனியுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் தண்ணீர் பீய்ச்சும் குழாயை இடது பக்கம் மாற்றி வைத்தோம், கை படவே வேண்டியதில்லை. அடுத்த சிக்கல், இருக்கும் ஒரே கைக்கு யார் சோப்பு போடுவது? நகம் தேய்க்கிற பிரஷ், அடியில் உறிஞ்சி ஒட்டுகிற ரப்பர் வைத்தது, வாஷ்பேசின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். அதன்மேல் சோப்பைத் தடவி உள்ளங்கை, விரல் இடுக்கு எல்லாம் நானே தேய்த்துக்கொள்வேன். அதற்கு அப்புறம்தான் அந்தக் கையில் ஸ்பூன் பிடிக்க மனசு வந்தது.

முதல் மாதம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் சாப்பிட்டேன், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இட்லியில் தொடங்குங்கள், ஸ்பூனாலேயே வெட்டலாம். தோசையை அடுப்படியிலேயே துண்டு போட்டு, சோற்றையும் அங்கேயே பிசைந்து கொண்டுவரட்டும், அவர் கண்ணெதிரே பிசைந்தால் சின்னப் பிள்ளை ஆகிவிட்ட மாதிரி இருக்கும். தட்டு வழுக்கினால் அடியில் ஈரத்துணி. விளிம்பு உயர்ந்த கிண்ணம் இன்னும் நல்லது.

பிசியோ_மதுரை:
மேலே ஐயா சொன்னது எங்கள் பாடத்தில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை. நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கை முதலில். முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள சட்டை, ஒட்டிக்கிற வேட்டி, இரண்டும் இருந்தால் உட்கார்ந்தபடியே உடுத்திவிடலாம். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும், பாதிப் பேர் வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள். விழுந்த பக்கத்தில் சூடு தெரியாமல் போகலாம், வெந்நீரை இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறினால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வலது கையையும் மறந்துவிடாமல், சாப்பிடும்போது மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பிசியோவுக்கு அலைய முடியாவிட்டால் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

மாமியார்_வீடு:
குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏமாறாதீர்கள். ஈரத் தரையில் கால் விரிந்து என் மாமனார் சரிந்துவிட்டார், நல்லவேளை அடி பெரிதாக இல்லை. காலில் ரப்பர் புஷ் போட்ட இரும்பு ஸ்டூல், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி போதும். உள்ளே தாழ்ப்பாள் போட விடாதீர்கள். கதவு உள்பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள், உள்ளே விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். அப்புறம் உங்கள் அம்மா. அவர் செய்வது பாசத்தால் மட்டும் இல்லை, தான் செய்தால் ஐந்து நிமிடம், அப்பா செய்தால் முக்கால் மணி நேரம். எங்கள் அத்தையும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்காமல் பல் தேய்த்துவிடுவதை மட்டும் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

திண்டுக்கல்காரி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பிரஷ் ஒட்டியாயிற்று. நேற்று கதவைச் சாத்திக்கொண்டு மூன்று இட்லி, சட்னி பாதி லுங்கியில். அம்மா வெளியே நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே போகவில்லை. ஐயா, ஒரு சந்தேகம், இடது கை நகத்தை எப்படி வெட்டிக்கொள்கிறீர்கள்?

ஒற்றைக்கை:
அதற்கு நான் முயலவே இல்லை அம்மா. ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்து வெட்டிவிடுகிறாள்.