பவுண்டரி (உலோகம் வார்க்கும் பட்டறை) கருமணலில் பூசிய சுவர் தொட்டாலே உதிர்கிறது, என்ன செய்வது?

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் பவுண்டரியில் வேண்டாம் என்று கொட்டிய கருமணலை அரை பக்கி (சின்ன பிக்அப் வண்டி) லோடு சும்மா கொடுத்தார். இலவசம் என்றதும் யோசிக்கவில்லை. ஒரு மூட்டை சிமெண்டுக்கு மூன்று ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டி மணல் என்று வழக்கம்போல் கலந்து பின்சுவரைப் பூசினேன். கரண்டியில் வெண்ணெய் மாதிரி வழுக்கியது, தண்ணீர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் முதலைத் தோல் போல விரிசல். விரலால் தேய்த்தால் கருப்புத் தூள் வருகிறது. கடைசியில் மணல் பற்றாமல் பாதிக்குப் பாதி பிளாஸ்டர் மணல் சேர்த்த இடம் மட்டும் கொஞ்சம் தேவலை. மேலே பெயிண்ட் அடித்து மூடிவிடலாமா?

பதில் 1 (ஜெர்மிஸ்டன்)
கோயம்புத்தூர் பவுண்டரியில் பத்து வருஷம் மோல்டு (வார்ப்பு அச்சு) கட்டியவன் நான். தம்பி, முதலில் சொல்லுங்கள்: அங்கே இரும்பு வார்க்கிறார்களா, பித்தளையா? மணலில் பிசின் வாடை வருகிறதா? பித்தளை என்றால் ஈயம், துத்தநாகம் கலந்திருக்கலாம். அதை வீட்டுச் சுவரில் வைக்காதீர்கள்.

கேட்டவர்
இரும்புதான் அண்ணே, பம்பு பாகங்கள். வாடை இல்லை.

பதில் 1
அப்படியானால் கிரீன் சாண்டு. பச்சை என்றால் நிறமில்லை, நாம் பச்சைமண் என்போமே அந்த ஈரம். பெரும்பகுதி சிலிக்கா மணல்தான். கூடவே பெண்டோனைட் களிமண் 4 முதல் 10 விழுக்காடு, நிலக்கரித்தூளும் கொஞ்சம். வார்ப்புக்கு வழவழப்பு தருவதே அந்தத் தூள்தான். சிமெண்ட் கலவைக்குக் களிமண், தூள் இரண்டும் எதிரி. களிமண் தண்ணீரைக் குடித்து உப்பி, காயும்போது சுருங்கும். மணல் மணியும் பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே, ஒரே அளவு. அதனால்தான் தண்ணீர் கேட்டது. அந்த வழுக்கல் களிமண்ணுடைய வேலை, உங்கள் கைப்பக்குவம் இல்லை! கண்ணாடிப் பாட்டிலில் 5 சென்டிமீட்டர் மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். மேலே 3 மில்லிமீட்டருக்கு மேல் சேறு நின்றால் அப்படியே உபயோகிக்க முடியாது.

கேட்டவர்
பார்த்தேன். 6 மில்லிமீட்டர்.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
பெயிண்ட் வேண்டாம், பூச்சோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். கொத்தி எடுங்கள். முகத்தில் நல்ல மாஸ்க், சுவரை நனைத்துக்கொண்டே கொத்துங்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும். கழுவிச் சலித்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கருந்தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? மழைநீர்க் கால்வாயில் விடக்கூடாது. மிச்ச மணலைப் பவுண்டரியிலேயே திருப்பிக் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டப்படி அதை முறையாக அகற்றுவது அவர்கள் பொறுப்பு.

பதில் 1
திருப்பிக் கொடுப்பது சரி. ஆனால் அந்த மணலே ஆகாது என்று சொல்லமாட்டேன். பரிசோதித்த இரும்பு மணலாக இருந்தால், நல்ல மணலில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு வரை மாற்றிப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் பொதுவாக வலு இறங்கும். முதலில் ஒரு முழச் சதுரம் பூசி, ஏழு நாள் நனைத்துவிட்டு ஆணியால் கீறிப் பாருங்கள்.

கேட்டவர்
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பத்தில் ஒரு பங்கு போட்ட சதுரம் நிற்கிறது, ஆணி லேசாகத்தான் பதிந்தது. ஐந்தில் ஒரு பங்கு போட்டதில் ஓரமாக மயிரிழை விரிசல். சுவருக்கு எதற்கு வம்பு என்று முழுக்கப் பிளாஸ்டர் மணலே வாங்கிவிட்டேன். பாதி கொத்தியாகிவிட்டது, தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது.