வாழ்க்கை தடம் மாறிய ஆண்கள்: நான்கு மாதத் திரையிடலுக்குப் படமும் மண்டப ஏற்பாடும்

பிறை வாசகர் வட்டம் கேட்கிறது:

வணக்கம். பினாங்கு, பிறையில் ஒரு தாமான் டேவானில் (குடியிருப்புப் பகுதியின் பொது மண்டபத்தில்) மாதம் ஒரு சனிக்கிழமை இரவு படம் போட்டு, முடிந்ததும் அரை மணி நேரம் பேசலாம் என்று திட்டம். நான்கு மாதம், நான்கு படம். எதிர்பாராத இடத்தில் வாழ்க்கை திரும்பிப்போன ஆண்களைப் பற்றிய படங்களாக இருக்க வேண்டும். இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது மகாநதி, அன்பே சிவம், கபாலி, மண்டேலா.

மண்டபம் 40 அடி நீளம், 25 அடி அகலம். தகரக் கூரை, டைல்ஸ் தரை, 60 நாற்காலி. டேவானிலேயே 3000 லூமன் (வெளிச்ச அளவு) புரொஜெக்டர் ஒன்றும் கூரையில் பதித்த ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப்பேர் பெரியவர்கள். மீதி தேசியப் பள்ளியில் (மலாய்வழிப் பள்ளியில்) படித்த இளையோர். தமிழ் பேசுவார்கள், வேகமான வசனத்தைப் பிடிக்கச் சிரமப்படுவார்கள். அவர்களுக்கு மலாய் சப்டைட்டில் வேண்டும்.

பட்டியல் சரியா, எந்த வரிசையில் போடலாம், மண்டபத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? அனுமதி ஏதும் எடுக்க வேண்டுமா?

செந்தூல் திரைப்பிரியர்:

பட்டியலில் நல்ல படங்கள்தான். ஆனால் மகாநதியும் கபாலியும் சிறையையும் பிரிந்த குடும்பத்தையும் சுற்றி வருபவை. அடுத்தடுத்துப் போட்டால் இரண்டாவது கலந்துரையாடலில் முதல் மாதம் பேசியதையே திரும்பப் பேசுவார்கள். வாழ்க்கை எப்படித் திரும்புகிறது என்று பார்த்து, நான்கு படத்திலும் நான்கு விதமாக இருக்கும்படி எடுங்கள்.

மண்டேலாவை (2021, இயக்கம் மடோன் அஸ்வின்) முதலில் வையுங்கள். வெளியிலிருந்து, ஒரே அடியாக வரும் திருப்பம் அது. ஊரே இளிச்சவாயன் என்று கூப்பிடும் ஒரு முடிதிருத்துபவர் சேர்த்த காசைத் தபால் நிலையத்தில் போடப் போகிறார். போட அடையாள அட்டை வேண்டும், அட்டைக்கு ஒரு பெயர் வேண்டும். நெல்சன் மண்டேலா என்று பெயர் கிடைக்கிறது, கூடவே வாக்கும் கிடைக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு தரப்பும் சமமாக நிற்க, அந்த ஒரு வாக்குதான் எல்லாவற்றையும் முடிவு செய்யப்போகிறது. நேற்றுவரை வாசல்படி ஏற விடாதவர்கள் வீடு தேடி வருகிறார்கள். சிரிக்க வைத்தே உள்ளே இழுக்கும் படம் என்பதால் முதல் மாதம் வந்தவர்கள் இரண்டாம் மாதமும் வருவார்கள். ஓட்ட நேரம் 2 மணி 20 நிமிடம்.

இரண்டாம் மாதம் ஜகாட் (2015). சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய நம் ஊர்ப் படம், 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. இதை ஏன் விட்டீர்கள் என்றுதான் புரியவில்லை. 1990களின் தொடக்கம். தோட்டத்திலிருந்து பெயர்ந்து புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த குடும்பம். மணியம், துரை, பாலா என்று மூன்று சகோதரர்கள், மணியத்தின் மகன் அப்போய். இங்கே திருப்பம் ஒரு நாளில் வருவதில்லை. பள்ளியில் விழும் அடி, வீட்டில் விழும் அடி, பக்கத்திலேயே இருக்கும் குண்டர் கும்பல் என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. எந்தக் காட்சியில் பையன் கைநழுவினான் என்று மட்டும் கேளுங்கள். ஆளுக்கொரு காட்சி சொல்வார்கள், பெரியவர்கள் தோட்டத்துக் கதையைத் தாங்களாகவே எடுப்பார்கள். ஒன்றரை மணி நேரப் படம் என்பதால் பேச நிறைய நேரம் மிஞ்சும்.

மூன்றாவது அன்பே சிவம் (2003). திரும்பி முடிந்த வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்க்கும் படம். மழையால் விமானம் ரத்தாகி புவனேஸ்வரில் சிக்கிய இருவரில் ஒருவரின் தழும்பு விழுந்த முகத்தையும் தடித்த கண்ணாடியையும் நாம் முதலில் பார்த்துவிடுகிறோம். அதற்குக் காரணமான பேருந்து விபத்து பிறகுதான் வருகிறது. 2 மணி 40 நிமிடம்.

நான்காவதாக நண்பகல் நேரத்து மயக்கம் பரிந்துரைக்கிறேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, 2023 ஜனவரியில் திரையரங்குக்கு வந்தது. பாதி மலையாளம், பாதி தமிழ். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் பேருந்தை ஜேம்ஸ் வழியில் நிறுத்தச் சொல்கிறார், இறங்கி முன்பின் தெரியாத ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடக்கிறார், ஓர் வீட்டுக்குள் நுழைந்து, காணாமல்போன சுந்தரமாகவே நடந்துகொள்கிறார். காரணம் சொல்லப்படுவதில்லை. கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்கும், பின்னணி இசைக்குப் பதில் பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் மாதமே போட்டால் பாதிப்பேர் எழுந்து போவார்கள். மூன்று படம் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு இது விருந்து.

மகாநதியை (1994) ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் மகள் கல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் கிடைக்கும் பகுதியைச் சிறுவர்கள் இருக்கும் மண்டபத்தில் போட முடியாது. பெரியவர்களுக்கு மட்டும் என்று தனி நாள் வையுங்கள்.

இன்னொன்று. தமிழ்ப் படத்தில் இடைவேளை என்பது கதையின் ஓர் உறுப்பு. திருப்பத்தை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உங்கள் பிரதியில் இடைவேளை அட்டை இல்லாவிட்டாலும் முன்கூட்டியே பார்த்து அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு ஆறுகிறதே என்று இருபது நிமிடம் முன்னால் விளக்கைப் போட்டால் இரண்டு பாதியும் கெடும்.

ஒலிப்பெட்டி:

மண்டபத்துக்கு வருவோம். கடைசி வரிசை திரையிலிருந்து 36 அடியில் இருக்கும். திரை உயரத்தின் ஆறு மடங்குக்கு மேல் யாரும் தள்ளி உட்காரக் கூடாது, அதற்கு மேல் போனால் சப்டைட்டில் படிக்க முடியாது. ஆக உயரம் 6 அடி, 16:9 விகிதத்தில் அகலம் ஏறத்தாழ 10 அடி 8 அங்குலம். புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (திரைக்குள்ள தூரத்தைத் திரை அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் திரையிலிருந்து 16 அடி தூரத்தில் வைக்க வேண்டும். விகிதம் கையேட்டில் இருக்கும், வாங்கிப் பாருங்கள். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 4 அடிக்குக் குறைந்தால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும்.

வெளிச்சம் போதும். திரைப்பரப்பு 64 சதுர அடி, திரையரங்கு அளவான 16 ஃபுட்லாம்பர்ட் (திரையில் தெரியும் பிரகாசத்தின் அலகு) வர 1000 லூமனுக்குச் சற்று மேல் தேவை. சினிமா மோடில் போட்டால் 3000 பாதியாகக் குறையும், பல்பு பழசானால் இன்னும் குறையும், அப்படியும் சமாளிக்கும். ஆனால் இருட்டு வேண்டும். நம் பக்கம் வெளிச்சம் மறைய ஏழே முக்கால் ஆகிவிடும். 8 மணிக்குத் தொடங்குங்கள். சன்னலுக்குக் கறுப்புத் துணி, திரைக்கு அருகில் இருக்கும் டியூப் லைட்டுக்குத் தனி சுவிட்சு.

பெரிய ஆபத்து ஒலியில்தான். கூரை ஸ்பீக்கர் அறிவிப்புக்குச் சரி, படத்துக்கு உதவாது. திரையில் பேசுகிறவர் குரல் தலைக்கு மேலிருந்து வரும், டைல்ஸ் தரையில் பட்டு எதிரொலிக்கும். 12 அங்குல ஆக்டிவ் (உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள) ஸ்பீக்கர் இரண்டு வாடகைக்கு எடுத்துத் திரையின் இருபுறமும் ஸ்டாண்டில், 6 அடி உயரத்தில், கடைசி வரிசையை நோக்கித் திருப்பி வையுங்கள். தரையில் பாய் விரித்துப் பின்சுவரில் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டால் எதிரொலி நன்றாகவே குறையும். தகரக் கூரையில் மழை அடித்தால் எந்த ஸ்பீக்கரும் தோற்கும். அந்த நேரம் சப்டைட்டில்தான் காப்பாற்றும், ஆகவே தமிழ்ப் படத்துக்கும் அது ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

"பாட்டு பிரமாதமாகக் கேட்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை" என்ற புகார் வந்தால் காரணம் இதுதான்: படம் 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் ஸ்பீக்கருக்குமாகப் பிரித்த ஒலியில்) இருக்கிறது, வசனம் நடு சேனலில் இருக்கிறது, நீங்கள் இணைத்திருப்பது இடமும் வலமும் மட்டும். பிளேயரில் ஒலி வெளியீட்டை ஸ்டீரியோவாக மாற்றினால் வசனம் திரும்பி வந்துவிடும். புளூடூத் வேண்டவே வேண்டாம், உதடும் குரலும் பொருந்தாது. எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரணச் செம்புக் கேபிள் படத்தை விட்டுவிட்டுக் காட்டும், ஃபைபர் வகை வாங்குங்கள். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரைந்தால் லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள்.

மலாய் சப்டைட்டில்: வரிக்கு 42 எழுத்து, இரண்டே வரி, வினாடிக்கு 17 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. வசனத்தைச் சுருக்கத்தான் வேண்டும். வினாடிக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்) ஓடும் பிரதிக்குச் செய்த சப்டைட்டில் கோப்பை 23.976 ஃபிரேம் படத்தோடு ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகிப்போகும். தொடக்கத்தில் சரியாக இருக்கும், அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளை அழுத்தினால் ஒரே அளவான தாமதம்தான் சரியாகும், இந்த விலகல் சரியாகாது. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃபிரேம் வேகத்தையே மாற்றிச் சேமியுங்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகர்:

அனுமதியைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று பதிப்புரிமை. நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களின் சந்தா வீட்டில் பார்க்க மட்டும். டிக்கெட் இல்லாமல் போட்டாலும் டேவான் பொது இடம்தான். தயாரிப்பாளரிடமோ இங்கே விநியோகித்தவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கடிதத்தில் தேதி, இடம், நாற்காலி எண்ணிக்கை, கட்டணம் இல்லை என்பது, எந்தப் பிரதி என்பது ஐந்தும் இருக்கட்டும். அதோடு சந்தா தளத்தை லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டருக்கு அனுப்பினால் நகல் பாதுகாப்பு காரணமாகத் திரை கறுத்துப்போகவும் கூடும். 60 பேர் முன்னால் அது நடக்க வேண்டாம்.

இரண்டாவது தணிக்கை. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி உள்துறை அமைச்சின் கீழுள்ள லெம்பாகா பெனாப்பிஸ் ஃபிலெம் (திரைப்படத் தணிக்கை வாரியம்) ஒப்புதல் தராத படத்தைத் திரையிடுவது குற்றம். இங்கே திரையரங்கில் ஓடிய படத்துக்கு ஒப்புதல் ஏற்கெனவே இருக்கும், ஆனால் அது அந்தப் பிரதிக்கு மட்டும். கபாலியே (2016) உதாரணம். இந்தியப் பிரதி திரை இருண்டு, துப்பாக்கிச் சத்தத்தோடு முடியும். மலேசியப் பிரதியில் கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வாசகம் சேர்ந்தது. அந்த மனிதனின் கதை எங்கே முடிகிறது என்பதே அந்த ஒரு வரியில் மாறிவிடுகிறது. எதை வைத்துப் பேசப்போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். இங்கே திரையரங்குக்கு வராத படமென்றால் ஒப்புதல் உண்டா என்று வாரியத்திடமே முதலில் கேளுங்கள்.

பிறை வாசகர் வட்டம்:

மிக்க நன்றி. வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம், கபாலி வெளியே. மண்டேலாவுக்கு மலாய் சப்டைட்டில் நாங்களே எழுத வேண்டியிருந்தால் இளிச்சவாயன் என்ற பெயரை என்ன செய்வது?

செந்தூல் திரைப்பிரியர்:

பெயரை மொழிபெயர்க்காமல் ஒலியை அப்படியே மலாய் எழுத்தில் எழுதுங்கள். முதல் தடவை வரும்போது மட்டும் அடுத்த வரியில் பொருளைச் சுருக்கமாகக் கொடுங்கள். பிறகு எத்தனை தடவை வந்தாலும் வெறும் பெயர்தான். நையாண்டிப் பெயர் போய் மண்டேலா என்ற பெயர் வந்து உட்காரும் இடம் இளையோர் கண்ணில் பட வேண்டும் என்றால் இரண்டு பெயரும் பெயராகவே திரையில் இருக்க வேண்டும்.

ஒலிப்பெட்டி:

முதல் நாளுக்கு முந்தின இரவே முழுச் சோதனை செய்யுங்கள். தொடக்கக் காட்சியை மட்டும் பார்த்து நிறுத்தாமல் 100ஆவது நிமிடத்துக்குப் போய், மின்விசிறிகளை ஓடவிட்டு, கடைசி வரிசையின் ஓர நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பாருங்கள்.