நாவலில் ஒரு சர்வேயர் அமெரிக்காவைக் காரில் கடக்கிறார். கன்சாஸில் சிரிப்பு நின்றுவிட்டது

தாழ்வாரம் கேட்டது:

ஒரு நகைச்சுவை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை சின்னதுதான். தணிகாசலம் என்று ஒருவர், தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைக்கிறது. மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு விமானத்தில் கிளம்புகிறார்கள். காரை லாரியில் ஏற்றி அனுப்ப என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. "நான் ஓட்டிக்கிட்டு வந்துடறேன்" என்கிறார். நியூவார்க்கில் தொடங்கி லாஸ் ஏஞ்சல்ஸ் வரை, கிட்டத்தட்ட 2,800 மைல். தனியாக.

ஒஹையோ வரை எழுத்து தானாக ஓடியது. உதாரணமாக ஒரு காட்சி. நியூஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளக் கூடாது, அங்கே சட்டமே அப்படி. ஆள் வந்துதான் போடுவார். தணிகாசலம் அதைப் பார்த்து, "நம்ம ஊர் மாதிரிதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார். பென்சில்வேனியாவில் முதல் பங்கில் கண்ணாடியை இறக்கிவிட்டு, கிரெடிட் கார்டை விரலிடுக்கில் பிடித்தபடி கம்பீரமாகக் காத்திருக்கிறார். யாரும் வரவில்லை. ஹாரன் அடிக்கிறார். பக்கத்துப் பம்பில் இருந்த பெண்மணி வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்க, இவர் அவரையே பங்க் ஊழியர் என்று நினைத்து "ஃபுல் டேங்க்" என்கிறார். அவரும் பாவம், போட்டுத் தருகிறார். இடையில் பம்ப் ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கிறது. இவர் சொல்வதோ ஊர்ப் பின்கோடின் ஆறு இலக்கம்.

இதைப் படித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மிசூரி தாண்டிக் கன்சாஸுக்குள் நுழைந்ததும் நாவல் படுத்துவிட்டது. ஐ-70 நெடுஞ்சாலை நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் கோதுமை. பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று பர்கரின் பருமன், குளிர்பான டம்ளரின் கொள்ளளவு, டிப்ஸ் கணக்கு என்று எழுதித் தள்ளினேன். ஒரு நண்பர் படித்துவிட்டு, "பயணக் கட்டுரை நல்லா வந்திருக்கு" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

நான் நியூஜெர்சியில் இருந்தவன். சிகாகோவுக்கு மேற்கே போனதில்லை. கன்சாஸை எப்படிக் கடத்துவது? பாதையையே மாற்றிவிடட்டுமா? வெளிநாட்டுக்காரன் அமெரிக்காவைப் பார்த்து முழிக்கிற கதை இன்னும் செல்லுபடியாகுமா?

---

மணல்கடிகாரம்:

பாதையை மாற்றுங்கள். ஓக்லஹோமா, டெக்சஸ் வழியாக ஐ-40. அமரில்லோ பக்கத்தில் பத்து கேடிலாக் கார்களை மூக்கு கீழே இருக்கும்படி மண்ணில் புதைத்து வைத்திருக்கிறார்கள், 1974-இல் செய்த வேலை. வருகிறவர்கள் எல்லாம் ஸ்பிரே பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள். அதே ஊரில் 72 அவுன்ஸ் மாட்டிறைச்சியை, கூடத் தரும் பக்கவாத்தியங்களோடு, ஒரு மணி நேரத்தில் முடித்தால் காசு வேண்டாம் என்கிற ஓட்டலும் உண்டு. இல்லையா, ஆரிகனுக்கு அனுப்புங்கள். அங்கே மெட்ராஸ் என்றே ஒரு ஊர் இருக்கிறது, மாநிலத் தலைநகரின் பெயர் சேலம். சேலத்திலிருந்து மெட்ராஸுக்கு ஓட்டட்டும் உங்கள் ஆள்!

---

தாழ்வாரம்:

நன்றி. சேலம்-மெட்ராஸ் எனக்கும் தோன்றியது, ஒரு வரிக்கு மேல் தாங்காது. தணிகாசலம் சைவம் வேறு.

---

அடுக்குப்பாத்திரம்:

முதலில் அவரைத் தனியாக விடாதீர்கள். காரில் தனியாக இருப்பவர் யோசிக்கத்தான் முடியும், பேச முடியாது. மனைவியைச் சேர்த்தால் வழக்கமான சண்டை வந்துவிடும். சம்பந்தியை உட்கார வையுங்கள். மாப்பிள்ளையின் அப்பா. இருவரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேச முடியாது, "வழி தப்பிட்டீங்க" என்று சொல்ல முடியாது, ஏசியைக் குறைக்கச் சொல்லக்கூட நாலு தடவை யோசிக்க வேண்டும். அந்த மரியாதையோடு 2,800 மைல்!

நான் அயோவாவில் சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே நாற்சந்தியில் நாலு பக்கமும் ஸ்டாப் பலகை இருக்கும். முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும் என்பது விதி. நடைமுறையில் ஆளாளுக்குக் கையைக் காட்டி "நீங்க போங்க" என்பார்கள், யாரும் நகரமாட்டார்கள். இங்கத்து ஆட்களின் பணிவு அப்படி. அந்தச் சந்தியில் உங்கள் காரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். தணிகாசலம் வெளியே பார்த்துக் கை காட்டுகிறார். எதிரில் பிக்கப் டிரக்குக்காரர் கை காட்டுகிறார். சம்பந்தி உள்ளேயிருந்து, "அவர் பெரியவர் மாதிரி தெரியறார், அவரே போகட்டுமே" என்கிறார். பின்னால் பள்ளிப் பேருந்து வந்து நிற்கிறது. இது ஒரு அத்தியாயம்.

---

நாலாவது கியர்:

சம்பந்தி யோசனைக்கு என் ஓட்டு. ஆனால் கேள்வி கன்சாஸைப் பற்றியது, அதற்கு வருகிறேன்.

தாழ்வாரம், உங்கள் பங்க் காட்சி ஏன் சிரிக்க வைத்தது? அவர் முழிக்கவில்லை, அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பர்கர் பக்கங்களில் அவர் வெறும் வேடிக்கை பார்க்கிறார். அங்கே தணிகாசலத்தைத் தூக்கிவிட்டு யாரை வேண்டுமானாலும் வைக்கலாம். இன்னொன்று, ஒரு ஆளைச் சர்வேயர் என்று அறிமுகப்படுத்திவிட்டு, ஒஹையோ வரை அவரை எதையுமே அளக்க விடவில்லையே ஐயா! எனக்கு அதுதான் தாங்கவில்லை. என் மாமா சர்வேயர். கல்யாண மண்டபத்துக்குப் போனால் பந்தி இலைக்கும் அடுத்த இலைக்கும் இடைவெளி சரியில்லை என்று ஆரம்பித்துவிடுவார்.

உலகத்தில் ஒரு சர்வேயருக்காகவே செய்துவைத்த மாநிலம் ஒன்று உண்டென்றால் கன்சாஸைச் சொல்லலாம். 1785-இல் போட்ட நிலச் சட்டப்படி, மேற்கே இருந்த நிலத்தை எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டே போனார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 கட்டம், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அளந்தது 66 அடிச் சங்கிலியில், தணிகாசலம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிடித்த அதே சங்கிலி. 80 சங்கிலி ஒரு மைல். கன்சாஸில் கிராமத்து ரோடுகள் இன்றைக்கும் அந்தக் கட்டங்களின் ஓரமாகவே ஓடுகின்றன. ஒரு மைலுக்கு ஒரு குறுக்கு ரோடு.

அப்புறம்தான் வேடிக்கை. பூமி உருண்டை, கட்டமோ சதுரம். வடக்கே போகப் போக நெடுங்கோடுகள் நெருங்கும், கட்டம் பொருந்தாது. அதனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை கோட்டை நகர்த்தித் திருத்திக்கொண்டார்கள். நேராக வடக்கே போகும் ரோடு, மலையோ ஆறோ இல்லாத வெட்டவெளியில், திடீரென்று பக்கவாட்டில் ஒடிந்து மறுபடி வடக்கே போகும். உள்ளூர்க்காரர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். தணிகாசலம் காரை ஓரங்கட்டி இறங்கிவிடுவார். வெயிலில் நின்று சம்பந்திக்கு அரைமணி நேரம் பூமியின் வளைவை விளக்குவார். சம்பந்தி மரியாதைக்காக "ஓஹோ" சொல்லிக்கொண்டே நிற்பார். ரோட்டோரம் கார் நிற்கிறதே என்று ஷெரிப் வருவார். இங்கே தணிகாசலம் நம் ஊர்ப் பழக்கத்தில் போலீஸ்காரரை நோக்கிப் பணிவாக நடக்க ஆரம்பிப்பார். அமெரிக்காவில் அதைச் செய்யவே கூடாது, காருக்குள் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம் நகைச்சுவை நிற்கட்டும். வாசகனுக்குக் கொஞ்சம் வயிறு கலங்கட்டும்.

இனி பாதை. ரஸ்ஸல் என்ற ஊரில் ஐ-70-ஐ விட்டு யுஎஸ்-281-இல் வடக்கே திருப்புங்கள். போகிற வழியில் ஆஸ்போர்ன் கவுண்டி. அங்கே மீட்ஸ் ராஞ்ச் என்ற மேய்ச்சல் நிலத்தில் 1891-இல் வைத்த ஒரு சர்வே குறி இருக்கிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ வரைபடங்களுக்கெல்லாம் வெகுகாலம் அதுதான் ஆதிப்புள்ளி. பின்னால் செயற்கைக்கோள் வந்து கணக்கு பூமியின் மையத்துக்கே போய்விட்டது. மாடு மேயும் இடத்தில் இப்படி ஒரு புள்ளி இருக்கிறது என்று தெரிந்தால் தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிடுவார். கழற்றிய கையோடு, "நாங்க பரங்கிமலையில 1802-லயே சர்வே ஆரம்பிச்சாச்சு" என்றும் சொல்வார்.

இன்னும் வடக்கே லெபனான் என்று ஒரு ஊர். ஒட்டியிருக்கும் 48 மாநிலங்களின் நடுமையம் அங்கேதான் என்று நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 1918-இல் அட்டையில் நாட்டின் வடிவத்தை வெட்டி, ஒரு முனையில் நிறுத்திப் பார்த்து, எங்கே சமன்பட்டதோ அதுதான் மையம் என்றார்கள். செய்தது அரசாங்க சர்வே துறை! அதுகூடப் போகட்டும். கணக்கில் வந்த புள்ளி ஒருவருடைய பன்றிப் பண்ணையில் விழுந்தது. ஊர் ஜனமெல்லாம் தன் நிலத்துக்குள் வருவதை அவர் விரும்பவில்லை. அதனால் கல்லைக் கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டார்கள். முப்பது வருஷம் எல்லைக்கல் தகராறு பார்த்த மனிதரின் முன்னால் இதைப் போடுங்கள். அவர் லாஸ் ஏஞ்சல்ஸையே மறந்துவிடுவார்.

---

சிவப்பு மை:

எல்லாம் சரி, ஒரு எச்சரிக்கை. கன்சாஸ்காரர்களை வெகுளிகளாக்கி விடாதீர்கள். காக்கர் சிட்டி என்று ஒரு ஊர் அதே பக்கத்தில் இருக்கிறது, உலகத்திலேயே பெரியது என்று சொல்லிக்கொள்ளும் கற்றாழை நார்க் கயிற்று உருண்டை அங்கே. மினசோட்டாவில் டார்வின் என்ற ஊரிலும் ஒன்று உண்டு. அது ஒரே ஆள் சுற்றியது. காக்கர் சிட்டியில் ஊரே சேர்ந்து இன்னும் சுற்றுகிறது. எது பெரியது என்பதில் இரண்டு பக்கமும் வாதம் வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அவர்களுக்குத் தங்கள் வேடிக்கை தெரியும். தெரியாதது உங்கள் இரண்டு சம்பந்திகளுக்கு மட்டும் என்றிருந்தால் நாவல் தப்பித்தது.

---

தாழ்வாரம்:

கன்சாஸைக் கடப்பது எப்படி என்று கேட்டேன், இப்போது நாவலே அங்கே குடியேறிவிடும் போலிருக்கிறது. சம்பந்திக்கு என்ன உத்தியோகம் கொடுப்பது? ஆடிட்டர் என்று யோசித்தேன்.

---

நாலாவது கியர்:

ஆடிட்டர் வேண்டாம். சார்பதிவாளராக ஓய்வுபெற்றவர். பத்திரத்தில் இருப்பதுதான் நிலம் என்பது அவர் கட்சி, கல் நிற்கும் இடம்தான் நிலம் என்பது இவர் கட்சி. லெபனானில் கல்லும் பலகையும் ஒரு பக்கம், கணக்கு இன்னொரு பக்கம். சம்பந்தி பலகையைப் படித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, "எழுதியே வெச்சிருக்காங்களே" என்று காரில் ஏறிவிடுவார். தணிகாசலம் ஏறமாட்டார். மாப்பிள்ளை போனில், "அது பழைய கணக்கு மாமா, அலாஸ்காவும் ஹவாயும் 1959-ல சேர்ந்தப்புறம் 50 மாநிலத்துக்கு மையம் சவுத் டகோட்டாவுக்குப் போயிடுச்சு" என்று சொல்லித் தொலைக்கலாம். அப்புறம் கார் எந்தப் பக்கம் திரும்பும் என்பது உங்கள் பாடு.

ஒன்று மட்டும். உண்மையான மையத்தைத் தேடி அவரை வேலி தாண்ட வைத்துவிடாதீர்கள், தனியார் நிலம். பண்ணை வீட்டுக் கதவைத் தட்ட வையுங்கள். கதவைத் திறக்கிற ஆளுக்கும் நல்ல வசனமாக நாலு கொடுங்கள்.