சாங்கி பீரங்கிக்குக் கீழ இருக்க குண்டுக் கிடங்க திறந்து காட்டலாமா?

மார்சிலிங்வாசி:
வணக்கம் மக்களே. ஸ்கூல் லீவுல பிள்ளைங்கள சிங்கப்பூர் சாங்கியில பிரிட்டிஷ்காரங்க பீரங்கி வச்சிருந்த ஜோகூர் பேட்டரிக்கு கூட்டிட்டுப் போனேன். மேல நிக்கிற 15 அங்குல பீரங்கி ஒரிஜினல் இல்ல, மாதிரிதான். பக்கத்துல குண்டு ஒண்ணு, 800 கிலோவுக்கு மேலயாம், சின்னவன் கட்டிப்புடிச்சுப் பார்த்தான், ரெண்டு கையும் சேரல. ஆனா நெஜமான சங்கதி காலுக்குக் கீழல்ல இருக்கு, குண்டு அடுக்கி வச்ச சுரங்கத்த 1991ல சிறைத்துறை கண்டுபிடிச்சும் பொதுமக்கள் இறங்க முடியாம மூடித்தான் கெடக்கு. ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு அடியில இருக்க பேட்டில்பாக்ஸ் சுரங்கத்துல 9 மீட்டர் ஆழத்துக்கே ஆள விடறாங்களே, இத ஏன் விடக்கூடாது?

கான்கிரீட்காரன்:
அண்ணே, பேட்டில்பாக்ஸ் கமாண்ட் சென்டரா இருந்த எடம், ஆளுங்க இருந்து வேலை பார்க்கன்னே கட்டினது. குண்டுக் கிடங்கு அப்படி இல்ல. தண்ணி கசியும், காத்து வராது, உள்ள கம்பி துருப்புடிச்சா கான்கிரீட் பாளம் பாளமா விழும். 2023ல அப்பர் புக்கிட் தீமாவுல ரெண்டாம் உலகப்போர் காலத்து 100 கிலோ குண்டு கெடச்சப்ப 4,000 பேருக்கு மேல வீட்ட விட்டு வெளியேத்துனாங்க, ஞாபகம் இருக்கா? மொதல்ல முழுசா ஸ்கேன் பண்ணி 3டி படமா காட்டட்டும், எறங்குறது அப்புறம்.

செம்பவாங் பேத்தி:
பாதுகாப்பு சரிதான், ஆனா மூடியே வச்சா கதையே மாறிப்போகுது. பீரங்கி கடல் பக்கமே பார்த்துச்சு, தப்பான பக்கம்னு இன்னமும் சொல்லிட்டு இருக்காங்க, 1942ல ஜப்பான்காரன் ஜோகூர் வழியா வந்தப்ப திருப்பி அந்தப் பக்கம் சுட்டாங்களே! கிடங்குல இருந்தது கப்பல் இரும்பத் துளைக்கிற குண்டு, தரையில வர்ற காலாட்படைக்கு அது பெருசா ஒண்ணும் பண்ணல. அதாவது பிரிட்டிஷ்காரங்க தோத்த காரணத்துல ஒண்ணு கிடங்குக்குள்ளதான் இருந்துச்சு, அத பீரங்கிய மட்டும் பார்த்துட்டு வந்தா எப்படிப் புரியும்?

இன்னொண்ணு, எங்க தாத்தா செம்பவாங்ல இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துல, அதான் நேவல் பேஸ்ல, வேலை பார்த்தவரு. நம்ம ஆளுங்க எத்தனை பேரு அங்க கூலிக்கு இருந்தாங்க! அந்த பேஸுக்கான குண்டுகள சேமிச்சு வச்ச அத்தாப் வேலி பங்கருக்கு தேசிய மரபுடைமைக் கழகம் வழிகாட்டியோட கூட்டிட்டுப் போயிருக்கு, அதே மாதிரி சின்னச் சின்னக் குழுவா சாங்கிலயும் செய்யலாம்ல. தமிழ்லயும் ஒரு டூர் வேணும்.

மார்சிலிங்வாசி:
கப்பல் குண்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, அங்க பலகையில அத பெருசா எழுதணும். கழகத்துக்கு மெயில் போடப்போறேன், ஸ்கேன், சின்னக் குழு, தமிழ் டூர் மூணையும் கேக்கறேன். உங்க தாத்தா சொன்னத நீங்களும் எழுதி அனுப்புங்க, சேர்த்தே அனுப்பிடலாம்.