புதுப்பிப்பு: எல்க் இறைச்சி உறைநிலை கலையாமல் வந்து சேர்ந்தது

எல்க் (பெரிய மான் வகை) இறைச்சியைக் காரில் நெடுந்தூரம் கொண்டுவர வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது, 'முதலில் கல்லாக உறையவை, பிறகு அடுக்கு' என்ற யோசனைதான். எலும்பு நீக்கி, வேக்யூம் பேக் செய்து, முழுதாக உறைந்த பிறகே ஐஸ் பெட்டியில் நெருக்கி அடுக்கினேன். மிச்ச இடத்தைத் துணியால் அடைத்தேன். காலியிடம் இருந்தால், குளிருக்காக வைக்கும் உலர்பனி (டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு) சீக்கிரம் ஆவியாகிவிடும். குளிர் கீழ்நோக்கி இறங்குவதால் உலர்பனியை மேலே வைத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: உலர்பனி மைனஸ் 78.5 டிகிரி என்பதால், அதை நேரடியாகத் தொட்ட பைகள் விறைத்து, வண்டிக் குலுக்கலில் ஓரம் கீறிவிட்டன. நடுவே அட்டை வைத்ததும் சரியானது. மூடியை டேப் போட்டு அடைக்கவே கூடாது, வாயு வெளியேற வேண்டும். கார் ஜன்னலையும் சற்றுத் திறந்து வையுங்கள். கரியமில வாயு தேங்கினால் உயிருக்கே ஆபத்து.

எலும்பு நீக்கியது இன்னொரு வகையிலும் உதவியது: மான் இனங்களின் மூளையைத் தாக்கிக் கொல்லும் க்ரானிக் வேஸ்டிங் நோய் பரவாமல் இருக்க, பல அமெரிக்க மாநிலங்கள் மூளை, தண்டுவடம் உள்ள பாகங்களை உள்ளே விடுவதில்லை.